மாடு தின்ற மானம்

பசு மாடு ஒன்று என் அத்தை மகனின் மூக்கைத் தின்றுகொண்டிருந்தது.

இடம் சிதம்பரம் கீழ வீதி. வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்த காலை. சுவரில் புதிதாக ஒட்டிய போஸ்டர், பசை இன்னும் காயவில்லை. மைதா மாவில் காய்ச்சிய பசை என்றால் எங்கள் ஊர் மாடுகளுக்குக் கொள்ளைப் பிரியம். முதலில் நக்கும், அப்புறம் ஓரத்தைக் கிளப்பும், பிறகு அவசரமே இல்லாமல் இழுக்கும். போஸ்டரில் தொப்பி வைத்த ராணுவ வீரர் ஒருவர் விறைப்பாக நின்றார். அவருடைய மூக்கும் பாதி மீசையும் பசுவின் வாய்க்குள் போய்விட்டன.

அந்த ராணுவ வீரர் என் பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட லுங்கியில், கையில் டீ கிளாஸோடு.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மானம் காக்க வா!' என்று இருந்தது. மாடு அடுத்த இழுப்பில் அதற்கும் வந்தது. டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர், "போச்சுடா, மானம் போச்சு" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவளே நான்தான். சிரிக்க எனக்கு முழு உரிமை உண்டு.

தனவேல் மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்த மூக்கு சுவருக்குப் போன கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பேட்டிக்கு வந்தவர்

அந்தக் கோடையில் வடக்கே மலை உச்சியில் சண்டை. டிவி இருந்த வீட்டிலெல்லாம் பனியும் பீரங்கியும். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். திரையில் ஆட்கள் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். நாங்கள் விசிறிக்கொண்டே பார்ப்போம்.

நான் தெற்கு வீதியில் ஒரு டி.டி.பி. சென்டரில் ஆபரேட்டர். அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஊரிலேயே ஏ.சி. போட்ட அறை எங்களுடையதுதான் என்று முதலாளி சொல்லிக்கொள்வார். அது பொய். ஆனால் வெயிலுக்குப் பயந்து உள்ளே வந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ஒருநாள், மீசையை மெழுகு தடவி முறுக்கியது போல வைத்திருந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று, "பேட்டி, உள்ள வரலாமா?" என்றார். பத்திரிகைக்காரர், யாரையோ பேட்டி எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "முதலாளி இல்லீங்க, நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றேன். அவர் விழித்தார். ஹிந்தியில் 'பேட்டி' என்றால் மகள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் கிள்ளை ஊர்க்காரர். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பையன்களை ஓடவிட்டுப் பட்டாளத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். இனாமாகத்தான். சண்டை தொடங்கியதிலிருந்து மனுஷர் கொதித்துப் போயிருந்தார். கடலூர் மைதானத்தில் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், கடலூரிலிருந்து சிதம்பரம்வரை போஸ்டர் ஒட்டுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"பெரிசா போடு பேட்டி. மானம் காக்க வா. அவ்வளவுதான்."

"சார், அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு, அப்படின்னு போட்டா கூட்டம் ஜாஸ்தி வரும் சார்."

"வரும். சம்பளத்துக்கு வர்றவன் மொத மாசமே லீவு கேப்பான். மானம்னு போடு. ரோஷம் இருக்கிறவன் வரட்டும்."

நான் அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். தடிமனாக்கினேன். ஆச்சரியக்குறி வைத்தேன். திரையில் அது கம்பீரமாகத்தான் இருந்தது. எனக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

எங்கள் சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சினிமாக்காரர்கள் ஒட்டுவார்கள், அதன் மேல் கட்சிக்காரர்கள், அதன் மேல் மஞ்சள் நீராட்டு விழா, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலியின் மேல் மட்டும் கொஞ்ச நாளைக்கு யாரும் ஒட்ட மாட்டார்கள். இத்தனை பேர் நடுவில் வெறும் எழுத்து எடுபடாது என்று எனக்குத் தெரியும். "ஒரு முகம் வேணும் சார்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு தனவேல் மச்சான் உள்ளே வந்தார்.

பில் புக் வேண்டும் என்ற சாக்கு

தனவேல், என் அப்பாவின் அக்கா மகன். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் எடை பார்க்கிற வேலை. மண்டிக்கு பில் புக் அடிக்க வேண்டும் என்று பஸ் ஏறிச் சிதம்பரம் வருவார். பண்ருட்டியில் பிரஸ்ஸே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் முதலாளியும் கேட்டார். நான் குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். நாங்கள் சிறுசுகளாக இருந்தபோதே அத்தை வீட்டுக் காதுகுத்தில் அந்தப் பேச்சு முறிந்தது. அத்தையின் மகளுக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் என் அப்பா. அவர் வந்த பஸ் நெய்வேலிப் பக்கம் டயர் வெடித்து நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று யாரோ தூரத்துச் சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். "பத்து பேருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டான்" என்று அன்றைக்கு அத்தை சொன்னதுதான். அதற்கப்புறம் அத்தையின் ஊரான அண்ணாகிராமத்துப் பக்கமிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பலாச்சுளைகூட வரவில்லை.

ஆகவே மச்சான் வருவது பில் புக்குக்காகத்தான். மற்றபடி ஒன்றுமில்லை.

சுபேதார் அவரை மேலும் கீழும் பார்த்தார். மண்டியில் மூட்டை தூக்கிய தோள். இயற்கையிலேயே அமைந்த ஒரு முறைப்பு. "பேட்டி, முகம் கேட்டியே, இந்தா" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "எனக்கெதுக்கு சார் இதெல்லாம்" என்றார். நான், "படம்தானே மச்சான், நல்லாத்தான் இருக்கும்" என்றேன். அவ்வளவுதான், ஒத்துக்கொண்டார்.

கத்திரிக்காய் விரல்

படம் எடுத்தது கடலூர் முதுநகரில், ஒரு பாய் வைத்திருந்த ஸ்டுடியோவில். நான், மச்சான், சுபேதார் மூன்று பேரும் போனோம். சுபேதார் தன்னுடைய பழைய யூனிபார்மைத் தேய்த்து எடுத்து வந்திருந்தார். தோளில் இருந்த பதவிப் பட்டைகளை மட்டும் கழற்றிவிட்டார். "அத சம்பாதிக்கணும், இரவல் வாங்கக் கூடாது" என்றார். மச்சானுக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. முதுகுப் பக்கம் முழுக்கத் துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டு இழுத்துப் பிடித்தார் பாய். முன்னால் பார்த்தால் சிப்பாய், பின்னால் பார்த்தால் மொட்டை மாடிக் கொடி.

அந்த ஸ்டுடியோவில் ஒரு பழைய போஸ்டர் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்கு ஆள் சேர்த்த போஸ்டர். பாயின் அப்பா, சட்டம் நன்றாக இருக்கிறது என்று வாங்கி, உள்ளே இருந்த படத்தை அப்படியே விட்டுவிட்டாராம். தலைப்பாகை கட்டிய ஒருவன் எங்களைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டிருந்தான். கீழே பழைய எழுத்தில் தமிழ். கௌரவம் முதல் வரியில், சாப்பாடும் இலவச உடுப்பும் கடைசி வரியில், இரண்டுமே பெரிய எழுத்து. நடுவில் துப்பாக்கியைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. யாருடைய கௌரவம் என்பதைப் பற்றியும் பேச்சில்லை.

"எல்லாரும் கௌரவத்துக்கா பாய் போயிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"கௌரவத்துக்குப் போனவனும் உண்டும்மா. சோத்துக்குப் போனவன்தான் ஜாஸ்தி" என்றார் பாய், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. சுபேதாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அவருடைய கிள்ளை வீட்டில் அந்தக் காலத்தில் எத்தனை வேளை உலை வைத்தார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்.

சுபேதாருக்கு அதே மாதிரி விரல் நீட்ட வேண்டும். மச்சான் நீட்டினார். பாய் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அட அல்லாவே, இது வெரலா, கத்திரிக்காயா? மூஞ்சியே தெரியல தம்பி. கொஞ்சம் மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே."

கடைசியில் விரல் நேராக மேலே போய்விட்டது. முகம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் திருப்தி. மேலே காட்டும் விரல், கீழே 'மானம் காக்க வா!' இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருப்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஏரோப்ளேன் மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் வானத்தை மானம் என்றுதான் சொல்வோம். 'மானம் கறுத்துக்கிட்டு வருது, துணிய எடு.' 'மானத்துல நெலா இல்ல.' முந்திரிக் காடுகளெல்லாம் மானம் பார்த்த பூமி. ரோஷத்துக்கும் மானம்தான், மழை வருகிற இடத்துக்கும் மானம்தான். பேசும்போது ஒருவருக்கும் குழம்பாது. சுவரில் எழுதி, பக்கத்தில் ஒருவன் விரலை மேலே காட்டிக்கொண்டு நின்றால்?

போஸ்டர் பண்ருட்டிவரை போய்விட்டது. திருவதிகைக் கோயில் தேரடிப் பக்கம் ஒன்று, அண்ணாகிராமம் பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று. மூன்றாம் நாள் ஊர் முழுக்கச் செய்தி: தனவேலுக்கு மானத்துல வேலை. ஏரோப்ளேன் ஓட்டுகிறான். சண்டை முடியும்வரை வெளியே சொல்லக் கூடாதாம்.

மச்சான் மறுத்துப் பார்த்தார். "நான் மண்டியிலதான் இருக்கேன், இந்தா உங்க மூட்டையத்தான் எட போடுறேன்" என்றார். மூட்டை கொண்டுவந்தவர் கண்ணைச் சிமிட்டி, "தெரியும் தம்பி, ரகசியம். நாங்க கேக்கல" என்றாராம். இன்னொருவர், "நம்ம தோப்பு மேல வரும்போது கொஞ்சம் தாழ வா மச்சான், புள்ளைங்க பாக்கணும்னு சொல்லுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். மறுக்க மறுக்க அவருடைய விமானம் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனி வைத்திருந்த ஒருவர், தன் பெண்ணுக்குத் தனவேலைக் கேட்டு ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை நிச்சயத் தட்டோடு வருகிறார்கள் என்று மச்சான் வந்து சொன்னபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பில் புக் அடித்துத் தந்த உறவு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"நீ என்ன சொன்ன மச்சான்?"

"நான் ஏரோப்ளேன் ஓட்டலன்னு சொன்னேன். அம்மா நம்பல."

"பொண்ணு வேணாம்னு சொன்னியா?"

"அத சொல்றதுக்குள்ள அம்மா எந்திரிச்சு பூட்டாங்க."

அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

அத்தை படித்த எழுத்து

வியாழக்கிழமை அத்தையே வந்துவிட்டார். காதுகுத்துக்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பை விட்டு, ஏ.சி. காற்றுக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்த விரல்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எம்புள்ள படத்த நீதான் போட்டியாமே. எனக்கு ஒண்ணு குடு. சம்பந்திக்குக் காட்டணும்."

ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தேன். அத்தை ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கறுத்த விரலை ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்தார். "மா... ன... ம்... மானம். காக்க. வா." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். "சண்ட கீழ மலையிலதான நடக்குது? இவன் மேலதான இருப்பான்? மேல ஒண்ணும் வராது இல்ல?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அத்தைக்கு முந்திரிக் கம்பெனி பெரிதில்லை, ஏரோப்ளேன் பெருமையும் பெரிதில்லை. பக்கத்து ஜில்லாவுக்கு அந்த வாரம் கொடி போர்த்திய பெட்டி ஒன்று வந்திருந்தது. டிவியில் காட்டினார்கள். வீட்டுக்காரரை இழந்து, மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒற்றை மகனோடு இருந்தவர் அத்தை. பட்டாளத்துக்குப் போவதென்றால் மானத்தில் இருந்துவிட்டு வரட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை தட்டு மாற்றியிருப்பார்கள். என்னால் இருக்க முடியவில்லை.

"அத்த, அது வானம் இல்ல. ரோஷம்னு சொல்லுவோமே, அந்த மானம். மச்சான் எந்த வேலைக்கும் போவல. சும்மா படத்துக்கு நின்னாரு. சட்டகூட இரவல்தான்."

அத்தை மறுபடியும் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, இதப் பாத்துட்டுப் பேசாம போறவனுக்கெல்லாம் மானம் இல்லன்னு போட்டிருக்கியா?"

அடிக்கும்போது அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை.

"நாட்டு மானத்துக்குப் புள்ளய அனுப்புன்னு சுவத்துல எழுதிட்டீங்க. ஊட்டு மானத்துக்கு நா எங்க போயி எழுதுறது? நாளைக்கு வர்றவுங்ககிட்ட என்னா சொல்லுவேன்? எம்புள்ள மானத்துலயும் இல்ல, மலையிலயும் இல்ல, மண்டியிலதான் இருக்கான்னா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியில் நின்று திரும்பினார். "மாமன் மவ இருக்கா, அவளத்தான் கட்டணும்னு சொல்லி அனுப்பிடுறேன். வாய்க்கு வந்த சாக்கு, அவ்வளவுதான். நீ பாட்டுக்கு மருமவன்னு நெனச்சுக்காத."

சாக்குக்காவது ஆனேனே என்று நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

திரும்பவும் அந்த மாடு

இப்போது கீழ வீதிக்கு வந்துவிடலாம். பண்ருட்டிக்காரர்கள் வந்த வழியே போய், ஊருக்கெல்லாம் உண்மை தெரிந்து, சுபேதார் இரண்டாவது தடவை போஸ்டர் ஒட்டியிருந்த நேரம் அது. இரண்டாவது தடவையும் அதே படம்தான். இதற்கென்று மறுபடி முகம் தேட முடியுமா?

மாடு மூக்கை முடித்துவிட்டு மானத்துக்கு வந்தது. கடை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மச்சானை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதான அது? எல்லாரையும் வா வான்னு கூப்புடுறீங்களே, நீங்க எப்ப போறீங்க?"

கேலியாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அது தைத்தது. அண்ணாகிராமத்தில் ஏற்கெனவே 'இரவல் சட்டை' என்று பேரே வைத்துவிட்டார்கள். மச்சான் கிளாஸைக் கீழே வைத்தார். மாட்டை விரட்டினார். அது நகரவில்லை. கிழிந்தது போக மிச்சமிருந்த முகத்தைக் கையால் சுவரோடு தேய்த்து ஒட்டப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை.

"வளரு, நான் ஓடப் போறேன்" என்றார் என்னிடம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்தைத்தான் சொல்கிறார். எனக்கு அவர் போகவே கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே தேவனாம்பட்டினம் மணலில் சுபேதாரின் விசில் சத்தத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டார்.

கயிறு

ஆள் எடுக்கிற அன்று அத்தையும் நானும் கடலூர் மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். சவுக்குக் கம்பு நட்ட வேலி. முந்தின நாள்தான் மச்சான் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அத்தை பக்கத்து வீட்டு போனிலிருந்து எங்கள் கடைக்குப் பேசினார். "நா சொன்னா கேக்க மாட்டான். நீ சொன்னா கேப்பான். வந்து நிறுத்து."

நிறுத்தத்தான் போனேன். போய்ச் சேர்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

எந்தெந்த ஊரிலிருந்தோ பையன்கள். வெறும் காலோடு சிலர், அண்ணன் ஷூவோடு சிலர். மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். நேரம் முடிந்ததும் இரண்டு சிப்பாய்கள் குறுக்கே கயிற்றைப் பிடிப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்தவன் அடுத்த தேர்வுக்குப் போகலாம். இந்தப் பக்கம் நிற்பவன் வீட்டுக்குப் போகலாம். வேலியோரம் நின்ற சுபேதார் இதை எங்களுக்கு விளக்கிவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்த்து நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

விசில் ஊதியது. ஒரே புழுதி. முதல் சுற்றில் மச்சான் எங்கள் பக்கம் வந்தபோது, "டேய், நில்லுடா! வந்துருடா!" என்று அத்தை கத்தினார். காதில் விழவில்லை. இரண்டாவது சுற்றிலும் அதே கத்தல். மூன்றாவதில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. மண்டியில் மூட்டை தூக்கலாம், ஓடுவது வேறு. ஒவ்வொருவராக அவரைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை கத்துவதை நிறுத்திவிட்டார்.

நான் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படியே பின்தங்கிவிட்டால் என் கதை முடிந்தது, நல்லபடியாக முடிந்தது. மண்டி, பில் புக், சிதம்பரம் பஸ். அதைத்தான் வேண்டிக்கொள்ள வந்தேன். ஆனால் அந்தக் கால்கள் தடுமாறுவதைப் பார்த்தபோது வேண்டுதல் பாதியில் நின்றுபோனது. வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

கடைசிச் சுற்று. அவருக்கு முன்னால் இரண்டு சிப்பாய்கள் கயிற்றைக் கையில் எடுத்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. "ஓடுடா தனவேலு! ஓடு! கயித்த எடுத்துட்டான்டா, ஓடு! ஓடு!"

அத்தைதான். முந்தானை தோளிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல், வேலிக் கம்பின் மேல் காலை வைத்து ஏறிக்கொண்டு, கறுத்த கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். முதல் இரண்டு சுற்றில் எட்டாத குரல் இப்போது எட்டியது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தார். கயிறு அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வேலியோரம் வந்தார். புழுதியும் வியர்வையும் சேர்ந்து முகமே அடையாளம் தெரியவில்லை. அத்தை கீழே இறங்கி, முந்தானையைச் சரி செய்து, கம்பு இடைவெளியில் கையை விட்டு அந்த முகத்தைத் துடைத்தார்.

"கடசிச் சுத்துல கொஞ்சம் மெதுவா ஓடியிருந்தா என்னாடா?"

"நீதானம்மா ஓடு ஓடுன்னு கத்துன!"

அத்தையின் கை அப்படியே நின்றது. தான் கத்தியது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"நானா? பெத்தவ கத்துவாளா?" என்றார். சுற்றிலும் பார்த்தார். சுபேதார் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் திரும்பினார். "இவதான் கத்துனா. இவதான்."

மச்சான் என்னைப் பார்த்தார்.

"ஆமா மச்சான். நான்தான் கத்துனேன்."

அத்தை என் கையைப் பிடித்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை. மற்றத் தேர்வுகளிலும் தேறி மச்சான் பயிற்சிக்குக் கிளம்புவதற்குள் எங்கள் கல்யாணமும் முடிந்துவிட்டது. என் அப்பா இந்தத் தடவை முதல் நாளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர் மலைப் பக்கம் இருந்த வருஷங்கள் நிறைய. டிவியில் எல்லை, துப்பாக்கிச் சூடு என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அத்தை சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"அன்னிக்கு நீதானடி கத்துன?"

"ஆமா அத்த, நான்தான்."

மச்சான் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேரும்வரை அத்தை இதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நானும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அதைக் கேட்ட பிறகுதான் அத்தைக்கு மிச்சச் சோறு இறங்கும்.